வீட்டு வரி ரசீதின் கட்டங்கள்: காஞ்சிபுரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

அப்பா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பாவுக் கணக்கு நோட்டுகளுக்கு அடியில் வீட்டு வரி ரசீதுகள் இருந்தன. அரையாண்டுக்கு ஒன்று வீதம், பட்டு நூலில் கோத்து, வருஷவாரியாக அடுக்கி வைத்திருந்தார். எங்கள் தெருவில் அடிமனை கோயிலுடையது. மேலே எழுப்பின சுவரும் ஓடும் உள்ளே இருக்கிற குழித்தறியும்தான் எங்களுடையது. ஆகவே பத்திரம் என்று காட்ட ஒன்றும் கிடையாது, இந்த ரசீதுகள்தான். "வரி கட்டின சீட்டு இருந்தாத்தாண்டா வீடு நம்ப வீடு" என்பார். மனைக்குக் கோயிலுக்கு வாடகை, கட்டடத்துக்கு நகராட்சிக்கு வரி. ஒரே வாசலில் இரண்டு பேர் கைநீட்டி நிற்பதை அவர் விநோதமாக நினைத்ததே இல்லை.

தமிழ் எம்.ஏ. படிக்கும்போது கல்வெட்டியல் தாளுக்காக மனை இறை, தறி இறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் என்று வரிப்பெயர்களை மனப்பாடம் செய்தோம். தறி இறை என்றால் யாருடைய தறி, யார் வாங்கினார்கள், வாங்கினது எங்கே போயிற்று என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. வீட்டில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவன் நானும் கேட்கவில்லை. அப்பாவின் ரசீதுகளை வரிசையாகப் புரட்டியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. ரசீதில் ஒரே தொகை இல்லை, கட்டங்கள் இருந்தன. சொத்து வரி ஒரு கட்டம், நூலக வரி இன்னொரு கட்டம். ஒவ்வொரு கட்டமும் வேறொரு கஜானாவுக்குப் போகும் வழி. நூலக வரி என்ற கட்டத்தில் எழுதின காசு காஞ்சிபுரம் நகரத்துக்கே உரியதல்ல, மாவட்டத்துக்கு உரியது என்பது எனக்குத் தெரிந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

நகரத்தில் வாங்குகிற வரியில் நகரத்துக்கு எவ்வளவு, அதைச் சுற்றியிருக்கிற ஜில்லாவுக்கு எவ்வளவு என்ற கேள்வியை நாம் குமாஸ்தாக்களின் விஷயமாக ஒதுக்கிவிட்டோம். ஊர் யாருடையது என்ற கேள்விதான் அங்கே எண்களாக எழுதப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். அதை நான் பிறந்த ஊரை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

1

சென்னை அருங்காட்சியகச் செப்பேடு என்று அறியப்படும் உத்தம சோழனின் செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அது பேசுவது காஞ்சியைப் பற்றி. கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாளுக்கு (இன்றைய உலகளந்த பெருமாள் கோயில்) உரிய வருமானங்கள் அதில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஊரில் நிறுத்து விற்பதற்கும் அளந்து விற்பதற்கும் வாங்குகிற கோல்நிறைக் கூலி, கால் அளவு கூலி கோயிலுக்கு. ஊர்களிடமும் சேரிகளிடமும் கொடுத்து வைத்த பொன்னின் வட்டி கோயிலுக்கு. சோழநியமம் என்ற குடியிருப்பில் உள்ளவர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று எண்ணெயும் அரிசியும் கோயிலுக்குத் தரவேண்டும், அவர்கள்மேல் வேறு வரி போடக்கூடாது.

இது ஒரு வீட்டு வரி. ஒரு குடியிருப்பின் வரியை வேறொரு நிறுவனத்துக்கு ஒதுக்கித் தருகிற ஏற்பாடு. நகரத்துக்கு, அதாவது மாநகரத்தாருக்கு, அந்த வீடுகளில் கைவைக்க உரிமை இல்லை என்றாகிறது. ஆனால் என்னை நிறுத்தியது அடுத்த செய்தி. கோயில் காரியத்தைப் பார்ப்பதும் கணக்கைச் சரிபார்ப்பதும் மாநகரத்தாரிடமும் கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்ற நான்கு குடியிருப்புகளிடமும் விடப்படுகிறது. இவை நெசவாளர் குடியிருப்புகள். அரசனுக்குத் துணி நெய்தவர்கள் கோயில் கணக்கைக் கேட்கிற இடத்தில் இருந்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் 'அந்தக் காலத்திலேயே உள்ளாட்சி' என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கிற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) எடுத்துக்கொள்ளுங்கள். குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதி என்ன? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும், தன் சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும். கோயில் அடிமனையில் வீடு கட்டிய என் அப்பா அந்த விதிப்படி குடத்துக்குள் போகவே முடியாது. வேதமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது தனி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது இறையிலி என்று கழிக்கப்படுகிற இடங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. பறைச்சேரிக்கு வரி இல்லை என்பதைச் சலுகை என்று படிக்கமுடியுமா? கோயிலும் இறையிலி, சுடுகாடும் இறையிலி. ஆனால் இரண்டும் ஒரே காரணத்தால் அல்ல. கோயிலுக்கு வரி இல்லாதது அதன் அதிகாரம். பறைச்சேரிக்கு வரி இல்லாதது, கணக்கில் வராத இடம் என்பதால். காஞ்சிச் செப்பேட்டில் நெசவாளர் இருப்பிடத்துக்கும் 'சேரி' என்ற சொல்தான் வருகிறது. அந்தச் சொல் பிறகு யார் தலையில் தங்கியது என்பது நமக்குத் தெரியும். வரி கட்டுகிறவன் ஊருக்குள்ளும் வரிக்குக்கூட லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவன் ஊருக்கு வெளியிலும் நிற்கிற ஒரு கோடு இங்கே போடப்படுகிறது. பின்னால் வந்த வெள்ளைக்காரன் சட்டம் இந்தக் கோட்டை அழிக்கவில்லை.

2

கம்பெனி ஆட்சியில் நெசவாளர்கள் அறிந்த வரி மோதுர்பா. நிலம் இல்லாத தொழிலாளர்மீது, தறிமீது, கடைமீது, சில இடங்களில் வீட்டின்மீது போடப்பட்ட வரி. தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டும். 1852இல் சென்னைவாசிகள் சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் முறையிட்ட கொடுமைகளில் இதுவும் ஒன்று. 1860களின் தொடக்கத்தில் அது ஒழிந்தது. ஆனால் வாசல் அதிக காலம் காலியாக இருக்கவில்லை. 1865இல் நகரங்களின் அபிவிருத்திச் சட்டம் வந்தது. 1866இல் காஞ்சிபுரம் நகராட்சியாயிற்று.

இந்த 1865 சட்டத்தைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். வீட்டு வரியை நகரத்தின் சாலைக்கும் சாக்கடைக்கும் என்று சொல்லி வாங்கினார்கள். ஆனால் நகரத்தில் இருக்கும் போலீஸின் செலவில் முக்கால் பங்கை நகராட்சி ஏற்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. போலீஸ் யாருக்குக் கட்டுப்பட்டது? நகராட்சிக்கு அல்ல, சர்க்காருக்கு. ஆக, சாலைக்கு என்று கட்டின காசு தன்னைக் கண்காணிக்கிற லத்திக்குப் போயிற்று. 1871 சட்டம் போலீஸ் செலவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்வி, சுகாதாரம், அம்மை குத்துதல் ஆகியவற்றை வைத்தது. முந்தைய ஆண்டில் மேயோ பிரபு கொண்டுவந்த நிதிப் பரவலாக்கம் என்பதன் பொருள் இங்கே புரிகிறது. மேலே இருப்பவன் தன் செலவைக் கீழே தள்ளுகிறான், அதற்கு 'சுயாட்சி' என்று பெயர்.

அதே 1871இல் கிராமப்புறத்துக்கு உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. நிலத்தீர்வையோடு சேர்த்து ஒரு செஸ், சாலைகளுக்காக. ரிப்பனின் 1882 தீர்மானத்துக்குப் பிறகு 1884இல் இரண்டு சட்டங்கள்: நகராட்சிகளுக்கு ஒன்று, ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளுக்கு ஒன்று. அன்றிலிருந்து நம் நாட்டில் ஒரு பாகப்பிரிவினை நிலைத்துவிட்டது. வீடு நகரத்துக்கு, நிலம் ஜில்லாவுக்கு. காஞ்சிபுரம் வீட்டு வரியில் செங்கல்பட்டு ஜில்லா போர்டுக்குப் பங்கில்லை. போர்டு வாங்குகிற நில செஸ்ஸில் காஞ்சிபுரத்துக்குப் பங்கில்லை. காகிதத்தில் சுத்தமான பிரிவினை. தெருவில் அப்படி இல்லை. ஜில்லா போர்டு சாலையில் வருகிற வண்டி நகராட்சித் தெருவில்தான் நெல்லை இறக்கும். இரண்டு பேரும் சுங்கச்சாவடி போட்டு ஒரே வண்டிக்காரனிடம் வாங்கினார்கள். 1931 மோட்டார் வாகன வரிச் சட்டத்தால் சாவடிகள் எடுக்கப்பட்டு, அரசு வசூலிக்கும் வாகன வரியிலிருந்து இரு தரப்புக்கும் ஈட்டுத்தொகை தரப்பட்டது. தானே வாங்கித் தானே செலவழித்த உரிமை போய், மேலேயிருந்து வருகிற பங்குக்குக் காத்திருக்கிற பழக்கத்துக்கு இது ஒரு முன்னோடி.

வரிக்கும் ஓட்டுக்கும் இருந்த முடிச்சும் இக்காலத்துடையதே. சுதந்திரத்துக்கு முன்பு நகராட்சித் தேர்தலில் வாக்கு என்பது வரி கட்டுகிறவர்களுக்கு. உத்திரமேரூர் விதியின் பேரப்பிள்ளை இது. வீடு இல்லாதவனுக்கு ஊர் இல்லை.

இந்த நகராட்சி அலுவலகத்தில் ஒரு நெசவுக் குடும்பத்துப் பையன் சில காலம் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தான், குடும்பக் கஷ்டத்துக்காகப் படிப்பை இடையில் விட்டுவிட்டு. சி.என். அண்ணாதுரை. பிற்பாடு 1967இல் முதலமைச்சரானார். பேரேட்டில் வீட்டு எண்களையும் தொகைகளையும் பார்த்துப் பழகிய கண் அவருக்கு இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அவரைப் பற்றி எழுதப்பட்ட மலைமலையான புத்தகங்களில் இந்தக் குமாஸ்தா வேலை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. நமது வரலாற்றெழுத்து மேடையைப் பார்க்கிற அளவு மேசையைப் பார்ப்பதில்லை.

3

இப்போது நூலக வரிக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். எஸ்.ஆர். ரங்கநாதனின் நீண்ட முயற்சி அதன் பின்னால் இருந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. இந்தச் சட்டம், நான் மேலே சொன்ன 'வீடு நகரத்துக்கு, நிலம் ஜில்லாவுக்கு' என்ற பாகப்பிரிவினையில் ஒரு ஓட்டை போட்டது. நகராட்சியிலும் ஊராட்சியிலும் வாங்குகிற வீட்டு வரியின்மேல் ரூபாய்க்கு அரையணா கூடுதலாக வாங்கவேண்டும். வாங்குவது நகராட்சி. ஆனால் காசு மாவட்டம் முழுவதற்குமான நூலக ஆணைக்குழுவுக்குப் போகவேண்டும். இன்று அந்த விகிதம் ரூபாய்க்குப் பத்து காசு. சென்னை நகரம் நீங்கலாக மற்ற மாவட்டங்களில், வசூலான அளவுக்கு அரசும் தன் பங்கைத் தரவேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு.

அதாவது காஞ்சிபுரம் காந்தி ரோட்டு ஜவுளிக்கடையின் வரியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு தொகை கூடுதலாக வாங்கப்பட்டு, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தின் ஊர்ப்புற நூலகத்துக்கும் போகலாம். இதை நான் நியாயம் என்றே சொல்வேன். காந்தி ரோட்டில் விற்கிற சேலை அங்கே நெய்யப்பட்டதல்ல. பிள்ளையார்பாளையத்திலும் சுற்றுவட்டார கிராமங்களிலும் தறி இருக்கிறது. கோர்வை போடுகிற கை கிராமத்தில், விலை போடுகிற கல்லா நகரத்தில். சொத்து வரி என்பது இடத்தின் மதிப்பைப் பார்க்கிறது. மதிப்பை உண்டாக்கினவன் எங்கே இருக்கிறான் என்று பார்ப்பதில்லை. நகரத்து மதிப்பில் ஒரு பகுதி மாவட்டத்துக்குப் போவது தானம் ஆகாது, திருப்பிக் கொடுப்பது.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பாவு தெருவில்தான் நீளமாக ஓடும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பிரித்துக் கட்டி இழுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாகவேண்டும். வரி போடுகிறவர் வீட்டின் நீள அகலத்தை அளப்பார். தறி வீட்டுக்குள்ளே, தொழில் பாதி தெருவிலே. வீடு என்பது எங்கே முடிகிறது, ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்பது நெசவாளிக்குத் தெளிவாகப் பிரிந்ததில்லை. சட்டத்துக்குத்தான் அந்தப் பிரிவினை வேண்டியிருக்கிறது.

ஆனால் நூலக வரியின் கதை அவ்வளவு அழகாக முடியவில்லை. தமிழ்நாட்டின் பல உள்ளாட்சி அமைப்புகள் மக்களிடம் வாங்கிய நூலக வரியை ஆணைக்குழுவிடம் உரிய காலத்தில் செலுத்தாமல் பாக்கி வைப்பது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. சென்னை மாநகராட்சியின் பாக்கி கோடிக்கணக்கில் இருப்பதாக மீண்டும் மீண்டும் செய்தி வந்திருக்கிறது. நகராட்சியின் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது: குப்பை அள்ளுகிறவருக்குச் சம்பளம் கொடுக்கவே காசு இல்லை, புத்தகத்துக்கு எங்கே போவது? ஆனால் அது அதன் காசு அல்ல. தபால்காரர் மணியார்டரைச் செலவழித்துவிட்டு வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வது போன்றது இது. இதில் ஒருவரும் திருடர் இல்லை என்பதுதான் விஷயத்தின் சிக்கல். இரண்டு ஏழை அமைப்புகளுக்கு நடுவில் ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டு, அரசு ஒதுங்கி நிற்கிறது.

அமெரிக்காவில் இதே சண்டை வேறு உருவில் நடந்தது. அங்கே நம் மாவட்டத்தைப் போன்ற அமைப்புக்குக் கவுண்டி என்று பெயர். கலிபோர்னியாவில் 1978வரை நகரம், கவுண்டி, பள்ளி வாரியம் என்று ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய சொத்து வரி விகிதத்தைத் தானே முடிவு செய்தது. அந்த ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆவது முன்மொழிவு, எல்லாம் சேர்த்து மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று பூட்டுப் போட்டது. அந்த ஒரு விழுக்காட்டை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது? 1979இல் மாநிலம் ஒரு சட்டம் செய்தது: பூட்டுக்கு முன்பு யார் எந்த விகிதத்தில் வாங்கினார்களோ ஏறக்குறைய அதே விகிதத்தில். ஆகவே 1970களில் அதிகம் வாங்கிய நகரம் இன்றும் அதிகம் பெறுகிறது, குறைவாக வாங்கிய ஊர் இன்றும் குறைவாகப் பெறுகிறது. ஒரு காலத்தின் தற்செயல் சட்டமாக உறைந்துவிட்டது. வரிப் பங்கீடு கணிதம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம்முடைய 'வீடு நகரத்துக்கு, நிலம் ஜில்லாவுக்கு' என்பதும் 1884இன் உறைந்த தற்செயல்தான்.

4

ஜில்லா போர்டுகள் 1958 சட்டங்களுக்குப் பின் மறைந்தன. அவற்றின் இடத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. 1992இன் 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு, மாநில நிதிக் குழு என்ற ஒன்று, மாநில அரசின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை ஊரகத்துக்கும் நகரத்துக்கும் பிரித்துச் சொல்கிறது. இப்போது நகரமும் கிராமமும் சண்டை போட்டுக்கொள்வது ஒன்றுக்கொன்று நேராக அல்ல, கோட்டையின் வாசலில்.

இதற்கிடையில் பழைய பாகப்பிரிவினை தலைகீழாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் 1990களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியது. அந்த இடங்கள் கிராம ஊராட்சிகள். 1994 ஊராட்சிகள் சட்டப்படி கட்டடங்களுக்கு வரி விதிக்கிற அதிகாரம் கிராம ஊராட்சிக்கு. அதே மாவட்டத்தில் ஆயிரம் வருஷப் பழமை பேசுகிற காஞ்சிபுரத்தின் வரிதாரர்களில் பெரும்பகுதி ஓட்டு வீட்டு நெசவாளிகளும் சிறு கடைக்காரர்களும். ஊரின் நடுவே ஓங்கி நிற்கும் கட்டடங்கள் கோயில்கள், அவற்றுக்கு வழிபாட்டிடம் என்ற முறையில் விலக்கு. கோயிலைப் பார்க்க வருகிறவர்களின் குப்பையும் கழிவும் நகரத்தின் பொறுப்பு. குடிக்கத் தண்ணீர் ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் பாலாற்று மணலிலிருந்து வரவேண்டும். திருப்பாற்கடல் இன்று இராணிப்பேட்டை மாவட்டம். தண்ணீருக்குக் கட்டணம் வாங்குகிறது நகரம், ஆற்றுப்படுகையை இழக்கிறது கிராமம். மாவட்ட எல்லையும் 1997இல் ஒருமுறை, 2019இல் ஒருமுறை மாற்றி வரையப்பட்டது. எல்லை மாறும்போதெல்லாம் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கும் அடிபட்டுப் போகிறது.

2021இல் காஞ்சிபுரம் மாநகராட்சியாயிற்று. 2022இல் சொத்து வரி தமிழ்நாடு முழுவதும் உயர்ந்தது. காஞ்சிபுரத்தில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, பெரிய வீடுகளுக்கு அதற்குமேல். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்தது. ஆக, காஞ்சிபுரத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்கு என்ன வரி என்பதில் தில்லிக்கும் ஒரு விரல் உண்டு.

இங்கே ஒரு தேதியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். 2016 அக்டோபரில் நகர உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டு நகரங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு ஆள் கிடையாது, அதிகாரிகள் நடத்தினார்கள். அப்பாவின் பெட்டியில் அந்த ஆண்டுகளுக்கான ரசீதுகளும் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் வரி கட்டாதவனுக்கு ஓட்டு இல்லை. இந்த ஐந்தாண்டில் எல்லோரும் வரி கட்டினார்கள், யாருக்கும் ஓட்டு இல்லை.

5

நான் பழைய பொற்காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. உத்தம சோழன் செப்பேட்டில் கணக்குப் பார்த்த நெசவாளியின் மனைவிக்கு அங்கே இடமில்லை, ஊருக்கு வெளியே இருந்தவனுக்கு இடமில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் மட்டும் எடுத்துக்கொள்ளத் தக்கது. வருமானம் இன்ன இடத்திலிருந்து, இன்ன செலவுக்கு, கணக்குக் கேட்பவர் இன்ன தெருவார் என்று மூன்றும் ஒரே ஏட்டில் வெட்டப்பட்டிருக்கின்றன. நம் ரசீதில் முதலாவது மட்டும் இருக்கிறது. நகரம் எவ்வளவு வைத்துக்கொள்ளவேண்டும், மாவட்டத்துக்கு எவ்வளவு போகவேண்டும் என்ற விகிதத்தைப் பற்றி நிபுணர்கள் விவாதிக்கட்டும். 58, 42 என்று எண்கள் மாறிக்கொண்டிருக்கும். கொடுத்தவன் கேட்க முடியாத வரைக்கும் எந்த விகிதமும் அவனுக்கு ஒன்றுதான்.

நான் படித்தது கிளை நூலகத்தில். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய்விடுவேன், வீட்டில் தறி ஓடும்போது படிக்க முடியாது. ஒருநாள் அப்பா என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். அலமாரிகளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ புஸ்தகத்துக்கும் யார்ரா துட்டு குடுக்கறாங்க?" என்று கேட்டார். "கவர்மெண்டு" என்றேன். தலையாட்டிக்கொண்டார். ரசீதை நூலில் கோத்து வைத்திருந்தவருக்கு, 'நீதாம்ப்பா குடுக்கிற' என்று நான் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு அப்போது தெரியாது. அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அந்த ரசீதுகளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. இந்த அரையாண்டில் உங்கள் வட்டத்தில் வசூலான நூலக வரி இவ்வளவு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று அங்கே மூன்று வரி அச்சடிக்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. அதையே கிளை நூலகத்தின் சுவரிலும் ஒட்டலாம். முதலில் அதைக் கேட்போம்.